நானூற்றுப் பதினேழா, தொள்ளாயிரத்து அறுபத்திரண்டா

இரண்டும் எழுபத்து மூன்று.

புகாரக்கா கணிப்பானில் மறுபடியும் கூட்டினாள். மேலிருந்து கீழே கூட்டினாள், கீழிருந்து மேலே கூட்டினாள். பொதுக்கொள்கை முதுகலைக்கு எழுபத்து மூன்று. தரவுப் பகுப்பாய்வு முதுகலைக்கும் எழுபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டம் போட்டு, பதினோரு கேள்விகளுக்கும் மதிப்பெண் கொடுத்து, கடைசியில் கிடைத்தது இதுதான்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இடுப்பில் ஒரு திருப்புளி இருக்கும்.

"சமமா வந்திருக்கு."

"அப்போ ரெண்டு மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சுன்னு சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

நீர் வழங்கல் துறையில் பதினான்கு வருடமாகப் புகார்ப் பிரிவில் இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய வேலை எளிமையானது. மக்கள் புகார் எழுதுவார்கள். அவள் அதைப் பதிவேட்டில் ஏற்றுவாள். எந்தத் தெரு, என்ன குறை, எத்தனையாவது தடவை என்று வகை பிரிப்பாள். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கி மேலே அனுப்புவாள். அந்த அட்டவணையில் நான்கு ஆண்டுகளாக ஒரே தெருதான் முதலிடம். குழாயைத் திறந்தால் துரு வரும் தெரு. நான்கு ஆண்டுகளும் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பினாள். நான்கு ஆண்டுகளும் அறிக்கை பத்திரமாகப் பெற்றுக்கொள்ளப்பட்டு, பத்திரமாக அலமாரியில் வைக்கப்பட்டது. குழாயில் துரு வருவது மட்டும் நிற்கவில்லை.

அங்கேதான் அவளுக்கு உறுத்தல். நான் எண்ணுகிற விதம் சரியில்லையோ? இன்னும் தெளிவாக, யாராலும் மறுக்க முடியாதபடி எண்ணினால் கேட்பார்களோ? அப்படியென்றால் தரவுப் பகுப்பாய்வு படிக்க வேண்டும். அல்லது எண்ணிக்கை சரிதான், அது போய்ச் சேருகிற இடம்தான் சரியில்லையோ? அப்படியென்றால் பொதுக்கொள்கை. பல்கலைக்கழகம் இரண்டிலும் இடம் கொடுத்துவிட்டது. துறை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒருவருக்குப் படிப்பு விடுப்பு தரும். இந்த முறை அவள் முறை. வருகிற வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் படிவத்தில் படிப்பின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. விட்டால் அடுத்த வாய்ப்பு வரும்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. விடுப்புக்கு வயது வரம்பு நாற்பது.

"பன்னிரண்டாவதா ஒரு கேள்வி சேர்த்துப் பார்க்கிறேன்" என்றாள்.

சேர்த்தாள். 'மனநிறைவு' என்று எழுதினாள். பொதுக்கொள்கை ஒரு மதிப்பெண் முந்தியது. உடனே மனசு கேட்காமல் 'கணிதத்தில் எனக்குள்ள தேர்ச்சி' என்ற வரியின் எடையைக் கொஞ்சம் கூட்டினாள். இப்போது தரவு முந்தியது. அதன் பிறகு அவள் எதைத் தொட்டாலும், தொட்ட பக்கம் சாய்ந்தது.

"நீயே கேள்வி, நீயே பதில், நீயே மார்க்கு" என்றாள் மாமியார், அறைக்குள்ளிருந்து. "பரீட்சை எழுதுறவளே திருத்தினா எல்லாரும் முதல் வகுப்புதான்."

அது உண்மை. அதனால் குத்தியது.

அன்று மாலை நாத்தனார் வந்தாள். அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சுவை பார்க்கும் பிரிவின் தலைவி. புது பிஸ்கட் நன்றாக இருக்கிறதா, பழையது நன்றாக இருக்கிறதா என்று பன்னிரண்டு பேரை உட்கார வைத்துக் கேட்பது அவள் வேலை. அது கேட்பதற்குத்தான் சுலபம். எந்தத் தட்டில் எது என்று சுவைப்பவருக்குத் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். ஆகையால் பெயரை மறைப்பார்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டால் ஒன்றுதான் உசத்தி என்று மனசு முடிவு கட்டிவிடும். ஆகையால் தோன்றியபடி ஒரு மூன்று இலக்க எண்ணை ஒட்டுவார்கள். நிறம் கண்ணை ஏமாற்றும் என்று அறையில் சிவப்பு விளக்கு மட்டும் போடுவார்கள். சிவப்பு வெளிச்சத்தில் எல்லா பிஸ்கட்டும் ஒரே நிறம்.

"பிரச்சினை உங்க கணக்குல இல்ல அண்ணி. உங்களுக்கு எது எதுன்னு தெரியுதே, அதுல இருக்கு" என்றாள் நாத்தனார். "ரெண்டு விளக்கப் புத்தகத்தையும் எங்கிட்ட குடுங்க. பேரை எடுத்துட்டு, பாட விவரத்தை எடுத்துட்டு, மத்த சங்கதியை மட்டும் ரெண்டு அட்டையில எழுதித் தர்றேன். அதைப் பார்த்து மார்க் போடுங்க."

"எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். நடுவுல எங்கிட்ட எதுவும் கேட்கக் கூடாது, போன் கூடப் பண்ணக் கூடாது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவீங்க. போட்டு முடிச்சதும் எங்கிட்ட வாங்க, அடுத்தது என்னன்னு சொல்றேன்."

திங்கட்கிழமை மாலை இரண்டு அட்டைகள் வந்தன.

417 என்ற அட்டையில் இப்படி இருந்தது: இரண்டு ஆண்டுப் படிப்பு. ஐந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். கடைசி ஆறு மாதம் ஓர் அலுவலகத்தில் நேரடி வேலை. முடித்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் உடனே வேலையில் சேர்ந்துவிட்டார்கள்.

962 என்ற அட்டையில் இப்படி: நான்கு பருவங்கள். வகுப்பில் அறுபது பேர், பாடம் நடத்துவோர் பன்னிரண்டு பேர். பருவங்களில் ஒன்று முழுக்க வகுப்பறைக்கு வெளியே. முடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

புகாரக்கா நேர்மையானவள். இது எந்தப் படிப்பாக இருக்கும் என்ற ஊகம் தலைதூக்கும் போதெல்லாம் கொசுவை விரட்டுவது போல விரட்டினாள். வரியை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டாள். 417-க்கு எழுபத்தொன்று. 962-க்கு எழுபத்தாறு.

ஐந்து மதிப்பெண் வித்தியாசம்! இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

ஆனால் ஒருத்தியின் கருத்தை எப்படி நம்புவது? கணவரிடம் அட்டைகளை நீட்டினாள். மாமியாரிடமும் நீட்டினாள். அதுதான் தவறு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர். "417-ல பத்துக்கு எட்டுப் பேருக்கு வேலை. இன்னொண்ணுல ஒருத்தன் வேலை இல்லாம நிக்கிறான்னு அவனே எழுதி வெச்சிருக்கான்."

"நிக்கிறான். ஆனா மறைக்கல" என்றாள் மாமியார். "உன் எட்டுப் பேருக்காரன் மிச்சம் ரெண்டு பேரை எங்கடா ஒளிச்சு வெச்சான்?"

"அம்மா, அது வந்து..."

"உங்கப்பாவும் இப்படித்தான். நல்லதை மட்டும் சொல்லுவார். எனக்கு 962 தான் பிடிச்சிருக்கு. முகத்துக்கு நேரா பேசுது."

கணவர் போட்டது 417-க்கு எண்பத்தொன்று, 962-க்கு அறுபத்தாறு. மாமியார் போட்டது அப்படியே தலைகீழ். சாப்பாட்டு வேளையில் அம்மாவும் மகனும் ஒருவருக்கொருவர் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் புகாரக்கா வழியாகக் கேட்டார்கள்.

மூன்று பேர் போதாது என்று அவளுக்குப் பட்டது. ஒருவருடைய கோணல் இன்னொருவருடைய கோணலைச் சமன் செய்ய வேண்டுமென்றால் நிறையப் பேர் வேண்டும். அலுவலகத்தில் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை அட்டைகளை அறிவிப்புப் பலகையில் குத்தினாள். 'இரண்டில் எது நல்ல படிப்பு? உங்கள் கருத்து தேவை' என்று கீழே எழுதினாள்.

பதினோரு மணிக்குள் அலுவலகம் இரண்டாகிவிட்டது.

"ரெண்டு வருஷமா? வேண்டவே வேண்டாம்க்கா" என்றார் மீட்டர்காரர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துவிட்டு வந்து, வியர்வை துடைக்காமல் பலகை முன்னால் நின்றிருந்தார். "நாலு பருவம்னா மாடிப்படி. ஒவ்வொண்ணா ஏறிடலாம். ரெண்டு வருஷம்னா சுவரு."

"அறுபது பேரை ஒரே அறையில அடைச்சு வெச்சிருக்கான், அதைப் படிச்சீங்களா?" என்றாள் தட்டச்சர். "417-ல அஞ்சே பேருக்கு ஒரு வாத்தியார். வீட்டுல டியூஷன் வெச்ச மாதிரி."

"ஒரே ஒரு வாத்தியார்! அவருக்குக் காய்ச்சல் வந்தா? எங்களோடதுல பன்னெண்டு பேர் இருக்காங்க."

எங்களோடது என்று அவர் சொன்னதைப் புகாரக்கா கவனித்தாள். அவர் எந்தப் படிப்பிலும் சேரப் போவதில்லை.

"கடைசி ஆறு மாசம் ஆபீஸ்லயே வேலை கத்துத் தர்றாங்க. உங்களோடதுல ஒரு பருவம் பூரா வகுப்புக்கு வெளியவாம். வெளியன்னா? மரத்தடியிலயா?"

மதியத்துக்குள் 417-காரர்கள் ஜன்னல் பக்கமும் 962-காரர்கள் அலமாரிப் பக்கமும் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். தேநீர் ஒரு பக்கத்துக்குச் சூடாகவும் மறுபக்கத்துக்கு ஆறியும் போய்ச் சேருவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பலகையில் யாரோ 962-ன் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்தார்கள். அதற்கு இன்னொருவர் கொம்பு வைத்தார்.

பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தெரிவதால்தான் இப்படி ஆகிறது, ரகசிய வாக்கெடுப்புதான் தீர்வு என்று முடிவு செய்தாள் புகாரக்கா. ரகசியத்துக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். மேலே சீட்டுப் போடப் பிளவும் வேண்டும். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டி.

"எண்ணை மட்டும் எழுதிப் போடுங்க" என்று புதன்கிழமை காலை ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள். "காரணம் வேண்டாம்."

ஆனால் பத்து வருடம் கோப்பு எழுதிய கைக்கு எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தத் தெரியாது.

பெட்டியை நான்கு மணிக்குத் திறப்பார் சீல் சார். முப்பத்தொரு வருடமாக அந்த அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். அதற்கு முன்னால் மூன்றரை மணிக்கே சீட்டுகளை எடுத்துவிடலாம் என்பது அவள் திட்டம். மூன்று இருபதுக்குக் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்கம்மா. ரெண்டு நாளா ஒரு கோப்பு நகரல. நாற்காலிதான் நகருது. என்ன நடக்குது?"

அவள் விளக்கினாள். பதினோரு கேள்விகள், எடை, சமநிலை, பிஸ்கட், சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினாள். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு எது படிக்கணும்னு ஆசை?" என்றார் கடைசியில்.

"அதைத்தான் சார் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் வெளியே வந்தபோது மணி நான்கு பத்து. பெட்டி திறந்து காலியாகக் கிடந்தது.

"சீல் சார், பெட்டியில இருந்த சீட்டெல்லாம்?"

"பதிஞ்சு அனுப்பியாச்சும்மா." அவர் மை தோய்த்துக்கொண்டே சொன்னார்.

"அதெல்லாம் புகார் இல்ல சார்! படிச்சுப் பார்க்கலையா?"

"படிக்கிறது என் வேலை இல்லம்மா. சேர வேண்டிய இடத்துல சேர்க்கிறதுதான் என் வேலை."

அவர் சொன்னது விதிப்படி சரி. புகார் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல வருடமாக இருக்கிறது. சீட்டில் ஆறு இலக்க எண் இருந்தால் அது மீட்டர், கட்டணப் பிரிவுக்குப் போகும். மூன்று இலக்க எண் இருந்தால் அது தெருக் குழாயின் வால்வு, களப்பிரிவுக்குப் போகும். களப்பிரிவு மறுநாளே ஆள் அனுப்பியாக வேண்டும். சீல் சாருக்கு எண்ணைப் பார்த்தால் போதும், எழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை களப்பிரிவிலிருந்து பதினான்கு சீட்டுகள் அவள் மேசைக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் பதிவு எண், தேதி, முத்திரை. 'வால்வு 962: இப்படி ஒன்று இல்லை. நம்மிடம் 640 வரைதான்' என்று பதினான்கு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இவ்வளவு ஒழுங்காக எந்த வாக்கும் எண்ணப்பட்டிருக்காது. 962-க்குப் பதினான்கு. அப்படியென்றால் மீதி ஒன்பது 417.

"அக்கா, ஜெயிச்சுட்டோம்!" என்று அலமாரிப் பக்கமிருந்து மீட்டர்காரர் கையை உயர்த்தினார்.

புகாரக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பதினான்கு சீட்டில் ஒன்றை அவள் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள். '962 தான். 417 கூடவே கூடாது, உடனே மூடுங்கள்' என்று அதில் இருந்தது. மீட்டர்காரரின் கையெழுத்து.

640 வரை வால்வு இருக்கிறதென்றால் 417 என்று ஒரு வால்வு இருக்கிறது.

அவள் களப்பிரிவுக்குத் தொலைபேசியில் ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

"417-ஆ? காலையிலயே போய் மூடிட்டாங்களே" என்றது மறுமுனை. "ஒரே நாள்ல இத்தனை சீட்டு. மூடு, விடாதேன்னு ஆளாளுக்கு எழுதியிருந்தாங்க. ஏதோ பெரிய விபரீதம்னு நெனச்சோம்."

"எந்தத் தெரு அது?"

மறுமுனை சொன்னது. நான்கு ஆண்டுகளாக அவள் சிவப்புக் கோடு போட்ட தெரு.

அன்று முழுவதும் அவளால் உட்கார முடியவில்லை. துருத் தண்ணீராவது வந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்தியாகிவிட்டது. திறக்கச் சொல்லலாம் என்றால், மூடும்போதே வால்வின் தண்டு முறிந்துவிட்டதாம். அதைச் சரி செய்யத் தோண்டிக்கொண்டிருக்கிறார்களாம். மாலையில் வீட்டுக்குப் போனால் கணவர் கதவருகில் நின்று, "ஓட்டு எண்ணிட்டீங்களாமே, எங்களுக்கு எத்தனை?" என்றார். அவள் ஒன்பது என்றாள். உள்ளே மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தையல்காரம்மா வந்தார்.

அந்தத் தெருவில் மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டிருப்பவர். நாற்பத்தொரு புகார் எழுதியவர். அலுவலகம் முழுக்க அவரைத் தெரியும். ஜன்னல் பக்கமும் அலமாரிப் பக்கமும் ஒரே நேரத்தில் அமைதியாயின.

"நாலு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கல" என்றார் தையல்காரம்மா, நின்றுகொண்டே. "நேத்து வந்தாங்க. வந்து, இருந்த தண்ணியையும் நிறுத்திட்டாங்க. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு மூணு. நனைச்சுத் தைக்கத் துணி கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. தப்பு என்னோடது. நான்..."

"இருங்க, நான் முடிக்கல. தோண்டினாங்க. உள்ள இருந்த குழாயைத் தூக்கி வெளியே போட்டாங்க. சல்லடை மாதிரி இருந்துச்சு. இதைக் குடிச்சா நாங்க உயிரோட இருந்தோம்னு எல்லாரும் தெருவுல நின்னு பார்த்தோம். புதுசா போட்டுட்டு இன்னிக்குக் காலையில திறந்தாங்க." அவர் குரல் இறங்கியது. "கண்ணாடி மாதிரி வருதும்மா."

புகாரக்கா ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் சண்டை போட வரல. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போக வந்தேன். நாற்பத்தொரு தடவை எழுதினேனே, கடைசியில எதைப் படிச்சுட்டு வந்தாங்க? எப்படி எழுதினா வருவாங்கன்னு சொன்னீங்கன்னா, பக்கத்துத் தெருவுக்கும் அதே மாதிரி எழுதிக் கொடுத்துடுவேன்."

அவர் போன பிறகு புகாரக்கா எழுந்து சீல் சாரின் மேசைக்குப் போனாள். கண்ணாடியை ஒரு பக்கம் தூக்கி, அந்தக் குறிப்பை வெளியே எடுத்து, பதினான்கு வருடத்தில் முதன்முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஆறு இலக்கம் கட்டணப் பிரிவு. மூன்று இலக்கம் களப்பிரிவு. எண் எதுவும் இல்லாமல் தெருப் பெயர் மட்டும் இருந்தால், புள்ளிவிவரத்துக்காகப் புகார்ப் பிரிவில் வைக்கவும்.

தெருவில் இருப்பவருக்குத் தன் வால்வின் எண் எப்படித் தெரியும்? வால்வு மண்ணுக்கு அடியில் அல்லவா இருக்கிறது! தையல்காரம்மா நாற்பத்தொரு தடவையும் தெருவின் பெயரை எழுதினார். நாற்பத்தொரு தடவையும் அது அவளிடம் வந்து அழகாக எண்ணப்பட்டது. அவள் எண்ணியதில் ஒரு தவறும் இல்லை. வழியில் ஒரே ஒரு வரி குறுக்கே நின்றது.

"சீல் சார், இதை யார் எழுதினது?"

"யாரோ எழுதினாங்கம்மா. நான் வந்தப்போவே இருந்துச்சு."

"இதை மாத்தணும்னா யார் மாத்தணும்?"

சீல் சார் கை அந்தரத்தில் நின்றது. மை ஒரு சொட்டு விழுந்தது. "மாத்தலாம்னே எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

அவள் தன் இடத்துக்கு வந்தாள். படிவத்தை எடுத்தாள். படிப்பின் பெயர் என்ற இடத்தில் 'பொதுக்கொள்கை' என்று எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், பதிவேட்டில் எழுதுவது போலவே எழுதினாள். மணி மூன்று ஐம்பதுக்குக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தாள்.

"ஓட்டு 962-க்குத்தான்னு சொன்னாங்க. அதுதான் இதுவா?" என்றார் அவர்.

"தெரியாது சார். இன்னும் கேட்கல."

"தெரியாமயேவா எழுதிட்டீங்க?"

"இதை எழுதும்போது தெரிஞ்சுதான் சார் எழுதினேன்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே முத்திரை விழும் சத்தம் கேட்டது. இனி மாற்ற முடியாது.

பேருந்தில் போகும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. 962 தரவுப் பகுப்பாய்வாக இருந்தால்? பதினான்கு பேர் சொன்னதை ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டாயிற்று. மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? 962 பொதுக்கொள்கையாக இருந்தால், கணவரும் தட்டச்சரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து 'எங்க பேச்சுக்கு மதிப்பில்ல' என்பார்கள். ஒரு வாரம் ஊரையே இரண்டாக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டாள் என்பது எப்படியும் நிற்கும். இருந்தாலும் எந்தப் பக்கத்திடம் மன்னிப்புக் கேட்பது என்றாவது தெரிய வேண்டுமே.

தொழிற்சாலை வாசலில் வெண்ணெயும் சர்க்கரையும் வேகும் வாசனை. ஐந்து மணிச் சங்கு ஊதியதும் நாத்தனார் தலையில் வெள்ளைத் தொப்பியோடு வெளியே வந்தாள்.

"அண்ணி! என்ன இங்க? முகமே சரியில்லையே."

"படிவம் கொடுத்துட்டேன். பொதுக்கொள்கைன்னு எழுதிட்டேன்."

"நல்லது. அதுக்கு எதுக்கு இப்படிப் பதறுறீங்க?"

"இருபத்து மூணு பேர் ஓட்டுப் போட்டாங்க. வீட்டுல அம்மாவும் பிள்ளையும் பேசிக்கிறதில்ல. ஆபீஸ்ல ஆளுக்கொரு மூலை. ஒரு தெருவையே தோண்டியாச்சு. 962-க்குப் பதினாலு, 417-க்கு ஒம்பது." அவள் மூச்சு வாங்கினாள். "நான் யார் பேச்சை மீறினேன்? அதை மட்டும் சொல்லிடு."

நாத்தனார் தொப்பியைக் கழற்றினாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஐயோ அண்ணி, அது ஒத்திகை; நாக்கு நிதானமா இருக்கான்னு பார்க்க முதல் தடவை ரெண்டு தட்டுலயும் ஒரே பிஸ்கட்டைத்தான் வெப்போம், வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவோம். அந்த ரெண்டு அட்டையிலயும் நான் எழுதினது ஒரே படிப்பை, அந்தத் தரவுப் படிப்பைத்தான்!"